இலத்திரன் ஏன் கருவுக்குள் விழுவதில்லை? எலியேசர் ஆராய்ந்த கேள்வி

ஜெயபுரத்தில் ஒரு வளவில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, அதை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? மணலில் பெரும்பகுதி சிலிக்கன், ஒட்சிசன் அணுக்கள். அணுவைப் பிரிக்க முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். 1911இல் ரதர்போர்ட், அணுவின் நடுவே மிகச் சிறிய, பாரமான கரு ஒன்று இருப்பதைக் காட்டினார். அந்தக் கருவுக்குள் நேரேற்றம் கொண்ட புரோத்தன்களும் ஏற்றமற்ற நியூத்திரன்களும் இருக்கின்றன.

இவற்றின் அளவை இப்படி நினைத்துப் பாருங்கள். ஐதரசன் அணுவின் கருவை ஒரு பயறு அளவுக்குப் பெருப்பித்து ஜெயபுரம் வீதியோரத்தில் வைத்தால், அதன் ஒரே இலத்திரன் சுமார் 150 மீற்றர் தள்ளி இருக்கும். இடையில் வேறொன்றும் இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. கரு நேரேற்றம், இலத்திரன் மறையேற்றம். இரண்டும் ஒன்றையொன்று கவரும். சுற்றும் இலத்திரன் தன் சக்தியை ஒளியாக வெளிவிட்டு, சுழன்று சுழன்று கருவுக்குள் விழவேண்டும் என்பது பழைய பௌதிகவியலின் கணக்கு. ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரமே அதற்குப் போதும். அப்படியென்றால் மண்ணும் மரமும் மனிதரும் இருக்கவே முடியாது.

இந்தக் கேள்வியின் ஒரு பகுதியை ஆராய்ந்தவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர் (1918–2001). கேம்பிரிட்ஜில் போல் டிராக்கின் ஆய்வு மாணவராக இருந்தவர் அவர். டிராக் 1938இல், ஒளியாக இழக்கும் சக்தியையும் கணக்கில் எடுத்து இலத்திரனுக்குச் சமன்பாடு ஒன்றை எழுதியிருந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல், எலியேசர் அந்தச் சமன்பாட்டை ஐதரசன் அணுவில் பொருத்திப் பார்த்தார்.

விடை வியப்பானது. கருவை நோக்கி நேராக வரும் இலத்திரன் கருவைத் தொடுவதேயில்லை. நடுவழியில் நின்று, திரும்பி, மேலும் மேலும் வேகமெடுத்து விலகி ஓடுகிறது. இயற்கையில் இலத்திரன் அப்படி ஓடுவதில்லை. திருத்திய பின்பும் பழைய பௌதிகவியலால் அணுவை விளக்க முடியவில்லை என்பதை அந்தக் கணக்கு காட்டியது.

சரியான விளக்கம் குவாண்டம் கோட்பாட்டில் இருக்கிறது. இலத்திரனை எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு அதன் அசைவின் சக்தி கூடும். கருவின் கவர்ச்சி உள்ளே இழுக்க, இந்த அசைவு வெளியே தள்ளும். இரண்டும் சமப்படும் நிலைக்குக் கீழே இலத்திரன் இறங்க முடியாது. அணு நிலைத்து நிற்பதும், நாம் காலூன்றி நிற்க நிலம் இருப்பதும் இதனால்தான்.

இன்று தெரிந்தவரை இலத்திரனை மேலும் பிரிக்க முடியாது. புரோத்தனும் நியூத்திரனும் அப்படியல்ல. அவற்றுக்குள் குவார்க்குகள் உள்ளன என்று 1964இல் கெல்மானும் சுவைக்கும் தனித்தனியே முன்வைத்தார்கள். 1968இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய பரிசோதனைகள் அதற்குச் சான்று தந்தன. புரோத்தனில் இரண்டு மேல் குவார்க்கும் ஒரு கீழ் குவார்க்கும், நியூத்திரனில் ஒரு மேலும் இரண்டு கீழும் உண்டு. ஆக மேல் குவார்க், கீழ் குவார்க், இலத்திரன் ஆகிய மூன்றுமே மண், பனை, மனித உடல் எல்லாவற்றின் அடிக்கற்கள்.

ஒருவரின் நிறை 60 கிலோ என்றால், அவருடைய குவார்க்குகளின் சொந்த நிறை ஒரு கிலோவுக்கும் குறைவு. மிகுதியில் ஏறக்குறைய முழுவதும், குவார்க்குகளின் அசைவிலும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் விசையிலும் உள்ள சக்தி. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி அந்தச் சக்திதான் நிறையாகத் தெரிகிறது.

எலியேசர் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் மெல்பேர்ணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1943 ஆய்வுக்கு அவருக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கணிதமும் தாளும் பொறுமையும் போதுமானதாக இருந்தன. போரில் ஆய்வுகூடங்களை இழந்த வன்னியில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அணுவைப் பற்றிய அறிவு வேறு யாரோ தேடிவைத்தது மட்டுமல்ல, அதில் எங்களவர் ஒருவரின் பங்கும் இருக்கிறது.