உள்ளம் துள்ளும்போது ஒரே சொல்லா?

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களில் குழந்தைகள் அடிக்கடி கூறும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘எக்ஸைட்டட்’. சுற்றுலா என்றாலும் அச்சொல். தேர்வு முடிவு என்றாலும் அச்சொல். ஊரிலிருந்து பாட்டி வருகிறார் என்றாலும் அதே சொல். உள்ளத்தில் எழும் உணர்ச்சிகள் பல, வாயில் வரும் சொல் ஒன்றே என்றால், அஃது ஆங்கிலத்திற்கும் பெருமையன்று, தமிழுக்கும் பெருமையன்று. ஆதலின் இச்சொற்குடும்பத்தைச் சற்றே ஆராய்வோம்.

‘எக்ஸைட்’ இலத்தீன் வழி வந்த சொல். தட்டி எழுப்புதல், வெளியே அழைத்தல் என்பன அதன் பழம்பொருள். நம் ‘எழுச்சி’, ‘கிளர்ச்சி’ என்பன அதற்கு நெருங்கிய சொற்கள். ‘த்ரில்’ என்பதன் பழம்பொருள் துளைத்தல். மூக்குத் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்னும் சொல்லிலும் அவ்வேரே மறைந்திருக்கிறது. உடலைத் துளைத்தோடும் அவ்வுணர்ச்சியை நாம் மெய்சிலிர்ப்பு என்கிறோம். ‘ஈகர்’ என்பதோ புளிப்பு, கூர்மை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. புளித்த மது என்னும் பொருளுடைய ‘வினிகர்’ அதன் உடன்பிறப்பு! கூரிய வேட்கையே ‘ஈகர்’, தமிழில் ஆவல்.

‘என்தூஸியாஸம்’ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. தெய்வம் உட்புகுந்த நிலை என்பது அதன் கிரேக்கப் பொருள். நம் ஊர்த் திருவிழாக்களில் சாமியாடுவோரிடம் காணும் ‘ஆவேசம்’ என்னும் வடசொல்லுக்கும் உட்புகுதல் என்பதே பொருள். ஆயினும் 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சொல் பெரும்பாலும் பழிப்புச் சொல்லாகவே வழங்கிற்று. தத்துவ அறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1700ஆம் ஆண்டுப் பதிப்பில், அதனைக் கண்டித்து ஓர் இயலே சேர்த்தார். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் அதற்கு வீண் நம்பிக்கை என்னும் கருத்திலேயே பொருள் கூறிற்று. இன்றோ வேலைக்கு விண்ணப்பிப்போர் அது தம்மிடம் மிகுதி என்று பெருமையுடன் எழுதுகின்றனர்!

மரபுத்தொடர்களிலும் ஒற்றுமை உண்டு. மகிழ்ச்சி மிக்கவன் காற்றில் நடக்கிறான் என்பர் ஆங்கிலேயர். அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை என்போம் நாம். அவர்கள் ஊசிமுனையில் இருப்பதாகச் சொல்லும் நிலையில் நமக்கு இருப்புக் கொள்வதில்லை. மேடையேறுமுன் அவர்கள் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது. நம் வயிற்றிலோ புளி கரைகிறது!

ஆனால் தட்பவெப்பத்தில் இருமொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலேயருக்கு அன்பு வெதுவெதுப்பானது. குளிர்ந்த உள்ளம் இரக்கமற்ற உள்ளம். நமக்கோ மகிழ்ச்சியில் உள்ளமும் குளிரும், வயிறும் குளிரும். பனி மிகுந்த நாட்டார் வெப்பத்தையும், வெயில் மிகுந்த நாட்டார் குளிர்ச்சியையும் நாடியது இயல்பே. ‘உங்கள் கடிதம் கண்டு உள்ளம் குளிர்ந்தது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி அனுப்பினால், பெறுபவர் மனம் வருந்தக்கூடும்.

இலக்கணத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உணர்பவர் ‘எக்ஸைட்டட்’, உணர்ச்சியைத் தூண்டும் பொருள் ‘எக்ஸைட்டிங்’. நேர்முகத் தேர்வில் இரண்டையும் மாற்றிச் சொல்லும் இளைஞர், புதிய வேலையை எண்ணித் தாம் மகிழ்வதாகச் சொல்ல நினைத்து, தாமே பிறரைக் கிளர்ச்சியுறச் செய்பவர் என்று சொல்லிவிடுகிறார்!

இவையாவும் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. தொலைபேசியில் பேரன் ‘எக்ஸைட்டட்’ என்றால், அயலூரில் இருக்கும் பாட்டிக்கு என்ன விளங்கும்? பூரிப்பா, பரபரப்பா, பதற்றமா, ஆவலா? அவன் உள்ளத்தின் பாதி அவரைச் சென்று சேராமலே நின்றுவிடுகிறது. எனவே குழந்தை அச்சொல்லைக் கூறும்போது நாம் கடிந்துகொள்ள வேண்டா. ‘எந்த விதமான எக்ஸைட்டட், கண்ணா?’ என்று அன்புடன் வினவுவோம். அவன் தேடி எடுக்கும் தமிழ்ச்சொல் ஒவ்வொன்றும் பாட்டிக்கும் அவனுக்கும் இடையே ஒரு பாலமாகும். ஆங்கிலத்தையும் அவன் அளவறிந்து பேசுவான்.