அகப்பக்கம்: பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. சங்கத்தின் அகப்பக்கத்திற்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. அதனால்தான் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "நம் அகப்பக்கம் பழசாகிவிட்டது, புதிதாகச் செய்வோம்" என்றதும் செயலவையினர் பொருளாளரைப் பார்க்கிறார்கள். பொருளாளர் கூரையைப் பார்க்கிறார்.

பழசு என்பது மட்டும் காரணமாகாது. எது பழசானது என்று பார்ப்பதே முதல் வேலை.

முன்னாள் தலைவரின் படம் இன்னும் முகப்பில் சிரிக்கிறது, மூன்று ஆண்டுக்கு முந்திய பொங்கல் விழா இன்னும் 'விரைவில்' என்றே கிடக்கிறது என்றால், அங்கே பழசானது தகவல். அதற்காகப் புதிய அகப்பக்கம் கட்டுவது வீண் செலவு. மாதம் ஒரு மாலைப் பொழுது ஒதுக்க ஒரு பொறுப்பாளர் போதும். அந்த ஆள் இல்லாவிட்டால், புதிதாகக் கட்டியதும் ஓராண்டில் இதே கோலத்துக்கு வந்துவிடும்.

முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறதா? மறைகுறியாக்கம் இல்லாத எல்லாப் பக்கங்களுக்கும் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் அப்படித்தான் காட்டுகிறது. இதற்கும் இடிக்க வேண்டியதில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் உறுப்பினர் படிவம் இருந்து, அதில் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் கேட்கப்பட்டால், சான்றிதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே படிவத்தை எடுத்துவிடுவது நல்லது.

அடித்தளம் உளுத்துப்போனால்தான் இடிக்க வேண்டும். பல அகப்பக்கங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் 5.6 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றன. 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு நின்றன. அந்தக் காலத்து மென்பொருளில் ஓடும் அகப்பக்கம், வழங்கி நிறுவனம் தன் கணினியைப் புதுப்பிக்கும் நாளில் வெற்றுத் திரையாகிவிடலாம். ஃபிளாஷில் செய்த முகப்புகளும் அப்படித்தான். அடோபி நிறுவனம் 2020 இறுதியில் அதைக் கைவிட்டது. அவை இப்போது உலாவிகளில் திறப்பதே இல்லை. கைத்தொலைபேசியில் விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டிய பக்கங்களில், வடிவமும் தகவலும் தனித்தனியாக இருந்தால் வடிவத்தை மட்டும் மாற்றலாம். இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கிடந்தால் புதிதாகக் கட்டுவதே மலிவு.

தமிழ் அகப்பக்கங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றியவர். முந்திக்கொண்டதற்கு இந்த வட்டாரம் கொடுக்கும் விலை என்றே இதைச் சொல்லலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் திஸ்கி, தாப் போன்ற குறியாக்கங்களில் இருக்கின்றன. இன்றைய கைத்தொலைபேசியில் அவை புரியாத குறிகளாகத் தெரிகின்றன. தேடுபொறியில் தமிழில் தேடினாலும் அகப்படுவதில்லை.

படிக்க முடியவில்லை என்பதற்காகக் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து பிழை பார்த்தால் போதும். தொடக்ககாலத் தலைவரின் உரை, மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், மறைந்த உறுப்பினருக்கு எழுதிய அஞ்சலி ஆகியவை வேறெங்கும் அச்சாகாமல் அங்கே மட்டுமே இருக்கலாம். புதிதாகக் கட்ட வருபவருக்கு அவற்றின் அருமை தெரியாது. சொல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போவார். ஆகவே பழைய பக்கங்கள் அத்தனையையும் முதலில் படியெடுத்து வைக்க வேண்டும். பழைய முகவரியைத் தட்டினாலும் புதிய பக்கம் திறக்கும்படி செய்து தருவதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எவ்வளவு ஆகும் என்று விலை கேட்பதற்கு முன் இன்னொன்று. அகப்பக்க முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று செயலவை விசாரிக்கட்டும். பல சங்கங்களில் அது, எப்போதோ விலகி வேறு ஊருக்கு மாறிப்போன ஒருவருடைய பழைய மின்னஞ்சலில் மாட்டிக்கொண்டிருக்கிறது.