பழுத்த இலைகளின் வண்ணம் தீட்டுவோம்

மேலைநாடுகளில் இலையுதிர் காலம் செப்டம்பரில் தொடங்கும். உச்சிப்புளியிலோ அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் பசுமையடைகிறது. எனினும் பழுத்த நாட்டு வாதுமை இலையின் செம்மையும், பனையின் காவோலைப் பழுப்பும் அந்நிறங்களை நமக்குக் காட்டுகின்றன.

மண் நிறங்களுக்கு இரும்புச் சேர்மங்களே முதன்மைக் காரணம். மஞ்சட்காவியைச் சுட்டால் அதனுள் பிணைந்த நீர் நீங்கிச் செங்காவியாகிறது.

முதலில் வானையும் மணலையும் நீர்த்த மஞ்சட்காவியால் தீட்டுங்கள். அது உலர்ந்தபின் மரங்களுக்குச் செங்காவியும், நிழலுக்கு அடர்பழுப்பும் இடுங்கள். தொலைவிலுள்ள மரங்கள் வெளிறியிருக்கட்டும்.

கையின் பிடிவலு குறைந்தவர்கள் தூரிகைக் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொள்ளலாம். வண்ணத்தூளின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆதலால் குழாயில் வரும் நீர்வண்ணத்தையே பரிந்துரைக்கிறோம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பக்கவாதத்திற்குப் பின் வரைபவர் தாளின் இடப்பாதியைத் தீட்டாமல் விட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்களே நிரப்பியும் விடாதீர்கள். கண் நன்றாக இருந்தும் மூளை அப்பக்கத்தை உணராதிருக்கலாம். அப்படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இக்குறை திடீரெனப் புதிதாகத் தோன்றினால், சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.