கண்ணுக்குள் சுருட்டி விரிக்கும் லென்ஸ்!

கண்புரை ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும், தெரியுமா? பெரும்பாலும் அரை மணி நேரம்கூட இல்லை! பலருக்கு ஊசியும் கிடையாது. சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிடும்!

முதன்முதலில் அப்படிக் கண்ணை மரக்கவைத்த சொட்டு மருந்து எது, தெரியுமா? கோக்கைன்! 1884-ல் கார்ல் கோலர் என்ற வியன்னா மருத்துவர் கண்டுபிடித்தார். அதற்கு முன்பெல்லாம்? பெரும்பாலும் நோயாளி விழித்திருக்க, ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கண்ணில் கத்தி!

அதற்கும் முந்தைய வைத்தியத்தில் புரையை வெளியே எடுக்கவே இல்லை, தெரியுமா? பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை சொல்லும் முறைப்படி, கம்பி போன்ற கருவியைக் கண்ணில் செருகி, புரையை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அது கண்ணுக்குள்ளேயே கிடக்கும்! இசைமேதை பாக்குக்கு 1750-ல் ஜான் டெய்லர் என்பவர் இப்படித்தான் செய்தார். பார்வை வரவில்லை; சில மாதங்களில் உயிரும் போனது! இன்னொரு இசைமேதை ஹேண்டலுக்கும் சிகிச்சை அளித்தவர் அதே டெய்லர்தான். அவருக்கும் பார்வை திரும்பவில்லை. என்ன கைராசி!

புரையால் மங்கிய இயற்கை லென்ஸுக்குப் பதிலாக வைக்கும் செயற்கை லென்ஸுக்கு வழிகாட்டியது போர் விமானம் என்றால் நம்புவீர்களா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களின் பிளாஸ்டிக் கூரை சிதறி, அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. கண்ணில் அந்நியப் பொருள் நுழைந்தால் சீழ், வீக்கம் என்று ரகளைதானே? ஆனால் இந்தத் துணுக்குகளோ கண்ணுக்குள் சாதுவாகக் கிடந்தன! கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி அதைக் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள்! பிற்காலத்தில் ரிட்லிக்கே புரை வந்தபோது என்ன வைத்தார்கள், தெரியுமா? செயற்கை லென்ஸ்தான்!

பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது ‘ஃபேகோ’ முறை, தெரியுமா? பல்லைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்த கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன், 1967-ல் அதே உத்தியால் புரையை உடைத்து உறிஞ்சினார். இன்று இதற்கான வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு! அதன் வழியே 6 மில்லிமீட்டர் லென்ஸ் எப்படிப் போகும்? பாயைப் போலச் சுருட்டிச் செலுத்தினால், உள்ளே போய்த் தானே விரியும்!

புரையை எடுத்த பின் மிஞ்சும் உறைப் பைதான் அந்த லென்ஸைத் தாங்கும். அந்தப் பையின் பின்சுவர் எவ்வளவு மெல்லியது? ஒரு மில்லிமீட்டரில் சுமார் 250-ல் ஒரு பங்கு!

ஃபேகோ இயந்திரம் இல்லையா? கவலை வேண்டாம்! 6, 7 மில்லிமீட்டர் வெட்டில் கையாலேயே புரையை எடுக்கும் முறை இருக்கிறது. தையல் தேவையில்லை, செலவும் குறைவு. நன்றாக முற்றிய புரைக்கு இது பலே கெட்டிக்கார முறை!

லேசர்? நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கிய கால அளவில் துடிக்கும் ஃபெம்டோ லேசர் வெட்டிக் கொடுக்கும். உறிஞ்சி எடுக்க அப்போதும் டாக்டர்தான் வேண்டும்! கிடைக்கும் பார்வையோ ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் பணம் கட்டுமுன் யோசிக்கலாம்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பெயர்பெற்ற மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் எத்தனை படுக்கைகளோடு தொடங்கியது, தெரியுமா? வெறும் 11! நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு அப்போது 58 வயது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அவர் செய்த ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

வீட்டில் யாராவது “புரை முத்தட்டும்” என்று காத்திருக்கிறார்களா? அந்தக் காலம் போயாச்சு! சொட்டு மருந்தில் புரை கரையாது. பார்வை மங்கி அன்றாட வேலை தடைபட்டால், கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்!