சத்தம் போடாத கம்ப்யூட்டர் வேண்டுமா? சூட்டைப் பாருங்கள்!

ஜவ்வாது மலையில் இருட்டியதும் ஊர் அடங்கிவிடும். நாய் குரைத்தால் பக்கத்து ஊருக்குக் கேட்கும்.

ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பதே ஓர் அறை. தாத்தா படுத்துவிட்டார். தூளியில் குழந்தை கண் அயர்கிறது. பிளஸ் டூ படிக்கும் பெண் பாடம் பார்க்கக் கம்ப்யூட்டரைப் போடுகிறாள். 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம்! குழந்தை விழித்துக்கொண்டது. அன்றைய படிப்பு போயிற்று.

சத்தம் போட்டது கம்ப்யூட்டர் அல்ல. அதற்குள் சுற்றும் விசிறி!

விசிறி எதற்கு?

கம்ப்யூட்டரின் மூளை 'பிராசஸர்' என்னும் சில்லு. அது வேலை செய்யும்போது சூடாகும். மேசைக் கம்ப்யூட்டர்களில் 65 வாட் சில்லு சாதாரணம். பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதை வெளியே தள்ளத்தான் விசிறி. அது காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். தூசி சேரச் சேரச் சத்தமும் கூடும்.

எனவே அமைதி வேண்டுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேகத்தை அல்ல, வாட் கணக்கை.

சூட்டின் தொல்லை இந்த மலைக்குப் புதிதல்ல. காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அங்கேயும் சூடு ஆகாது. கூண்டுக்குள் வெப்பக் காற்று அசைந்தால் நட்சத்திரத்தின் உருவம் தளும்பும்!

எந்தப் பலகை?

பிராசஸர், நினைவகம் எல்லாவற்றையும் தாங்கி, ஒன்றோடொன்று இணைப்பது மதர்போர்டு. 'மினி ஐடிஎக்ஸ்' என்ற சின்ன அளவை வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை!

2023 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட 'என்100' சில்லுக்குக் கணக்கு 6 வாட்தான். கடுமையாக வேலை வாங்கினால் கொஞ்சம் கூடும். பாட வீடியோ, கடிதம், இணையம் இவற்றுக்கு இது போதும். பெரிய விளையாட்டுகளுக்கு ஆகாது. இந்தச் சில்லு பதித்த சில பலகைகளில் விசிறியே கிடையாது. மேலே வரிவரியாக ஓர் உலோகக் கட்டி இருக்கும். சூட்டை அது காற்றில் விட்டுவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆசஸ் 'பிரைம் என்100ஐ-டி' பலகையில் விசிறி இல்லை. ஆனால் மின்சாரம் கொடுக்கத் தனிப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு விசிறி உண்டு! வாசலில் துரத்திய சத்தம் கொல்லையில் நுழைந்துவிடும். அஸ்ராக் 'என்100டிசி-ஐடிஎக்ஸ்' பலகைக்கு லேப்டாப்புக்குக் கொடுப்பதுபோன்ற 19 வோல்ட் சார்ஜர் போதும். சின்ன வீட்டுக்கு இதுவே மேல்.

வாங்கும் முன்...

இவற்றில் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு மாற்ற முடியாது. நினைவகம் செருக இடம் ஒன்றுதான். ஆகவே 4 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்திலேயே 8 ஜிபி போடுங்கள். சுழலும் வட்டு வேண்டாம், அதுவும் முனகும். எஸ்எஸ்டி வாங்குங்கள்.

டி.வி.க்குப் போடுவதுபோல் பூவேலைத் துணியை இதன்மேல் போர்த்துகிறவர்கள் உண்டு. கூடாது! விசிறி இல்லாத பெட்டிக்குக் காற்றோட்டமே உயிர்.

இன்னொன்று. சில பலகைகளில் சுருள்கள் அதிர்ந்து 'கீ' என்று மெல்லிய ஒலி வரும். கடைத்தெரு இரைச்சலில் அது கேட்காது. மலை வீட்டு இரவில்தான் கேட்கும். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அதை ரசீதில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.