பேச்சும் மறுமொழியும்



பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க நம் நாட்டில் ஆசிரியர்கள் பலர் உண்டு. பேச்சுப் போட்டிகள் உண்டு. வென்றவர்க்குப் பரிசுக் கோப்பைகளும் உண்டு. மறுமொழி சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுப்பாரைத்தான் காணோம். ஒருவர் பேச, ஆயிரம் பேர் கேட்டிருப்பது சொற்பொழிவு. சொல்பவர் கேட்பவராகவும், கேட்பவர் சொல்பவராகவும் மாறி மாறி அமைவது உரையாடல். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நான் நூல்களில் கற்றதைவிட, எங்கள் நாஞ்சில் நாட்டுக் கோயில் முற்றங்களில், வில்லுக்கு எதிரே மணலில் அமர்ந்து கற்றதே மிகுதி. ஆகவே வில்லுப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்திலே தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரண்டு வட்டங்களைச் சேர்த்து நாஞ்சில் நாடு என்பார்கள். நெல்வயல்களுக்கும் குளங்களுக்கும் பேர்பெற்ற பகுதி. இங்கும், வடக்கே திருநெல்வேலிச் சீமையிலும், சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை என்னும் விழா எடுப்பது வழக்கம். கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்க வேண்டும். பெரிய வில் ஒன்றை மண்குடத்தோடு இணைத்து வைத்திருப்பார்கள். வில்லிலே வரிசையாக மணிகள் தொங்கும். புலவர் அல்லது அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர், வீசுகோல் இரண்டைக் கையிலே பிடித்து நாணை அடித்ததும் மணிகள் எல்லாம் ஒருங்கே கலகலக்கும். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் கூடச் சேரும். புலவருக்கு வலப்பக்கம் அமர்ந்து பாடுவோரை வலம் பாடுவோர் என்றும், இடப்பக்கம் அமர்ந்தவர்களை இடம் பாடுவோர் என்றும் சொல்வார்கள். முதலில் காப்பு, பிறகு குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், அதன்பின் கதை, கடைசியில் வாழி. இரவு முழுதும் நடப்பதும் உண்டு.

இந்த இசைக்கருவிகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் சொல்ல வந்தது கருவிகளைப் பற்றி அன்று. ஒரு சிறு சொல்லைப் பற்றி. ‘ஆமாம்’ என்பதே அந்தச் சொல்.

புலவர் ஒரு வாக்கியம் சொல்கிறார்: ஒரு நாட்டிலே ஒரு ராசா இருந்தார் என்று. பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ என்கிறார். அந்த ராசாவுக்கு ஏழு பிள்ளைகள் என்கிறார் புலவர். ‘ஏழு பிள்ளைகளா!’ என்று வியக்கிறார் இவர். மூத்தவன் காட்டுக்குப் போனான் என்றதும், ‘எதற்காகப் போனான்?’ என்று கேள்வி பிறக்கிறது. சில வேளைகளில், ‘அது எப்படி ஐயா நடக்கும்?’ என்று தடுத்தும் கேட்பார். உடனே முற்றம் முழுதும் சிரிப்பொலி எழும். ஏன் தெரியுமா? அதே கேள்விதான் கீழே அமர்ந்திருக்கும் கிழவிக்கும், தூக்கம் கலைந்த சிறுவனுக்கும் மனத்திலே எழுந்திருக்கிறது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க இயலாது அல்லவா? அவர்கள் அனைவர்க்கும் பேராளாக ஒருவரை வில்லுக்குப் பக்கத்திலேயே அமர்த்தி வைத்திருக்கிறது இந்தக் கலை. சொல்பவனுக்கு இணையாகக் கேட்பவனுக்கும் மேடையில் இடம் கொடுத்த கலைகள் உலகத்தில் மிகப் பல என்று சொல்ல முடியாது.

ஒருமுறை எங்கள் ஊர்க் கொடையிலே, மறுமொழி சொல்லி வந்த முதியவருக்கு நள்ளிரவுக்கு மேல் தொண்டை கட்டிவிட்டது. புலவர் நல்ல பாடகர், குரலும் தளரவில்லை, கதையும் நல்ல கட்டத்தில் இருந்தது. ஆயினும் கால் மணி நேரத்திற்குள் கதை நொண்டத் தொடங்கியது. மூச்சு விட இடம் இல்லாமல் புலவர் வாக்கியங்களை நீட்டினார்; சொன்னதையே சொன்னார். கூட்டத்திலும் அங்கங்கே தலைகள் சாய்ந்தன. பிறகு குடம் அடிப்பவர் அந்தப் பொறுப்பை ஏற்று ‘ஆமாம்’ போட்ட பின்புதான் கதைக்கு உயிர் வந்தது. ‘ஆமாம்’ என்ற சொல்லின் எடையை அன்று நான் கண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவனை ‘ஆமாம் சாமி’ என்று நாம் எள்ளி நகையாடுகிறோம். வில்லடியில் அமர்ந்தவர் அந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்லர். எங்கே ஆமாம் சொல்வது, எங்கே ஐயுறுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதை அறிந்தவர் அவர். நன்னூலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பவணந்தியார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார், விடையை எட்டு வகையாகப் பகுத்தார். கேட்கும் வழிகளைவிட விடை சொல்லும் வழிகள் இரண்டு கூடுதல்! ‘ஆமாம்’ என்பது அவற்றுள் நேர்விடை. ‘இல்லை’ என்பது மறைவிடை. வினாவையே விடையாகத் திருப்பித் தருவதும் ஒரு வகை. தேர்வுக்காக நெட்டுருப் போடும் இந்தப் பட்டியலுக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு வேண்டுமானால், ஒரு வில்லுப்பாட்டைக் கேட்டால் போதும். எட்டில் பலவும் அங்கே கிடைக்கும்.

இனி, மறுமொழி சொல்லும் இந்த உரிமை எல்லார்க்கும் எக்காலத்தும் இருந்ததா என்று பார்க்க வேண்டும். வில்லடியிலே இருந்தது, வீதியிலே இல்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது. அச்சீமையின் பழைய நிலையைச் சாமுவேல் மெட்டீர் என்ற இலண்டன் மிஷன் பாதிரியார் 1871இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அடிமைச் சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேல்சாதியாரிடம் பேசும்போது, ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தாம் உண்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது. கரிக்காடி என்றே சொல்ல வேண்டும். உண்ணப் போகிறேன் என்று விடை கேட்கக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போவதாகக் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்குக் குட்டி என்றோ கன்றுக்குட்டி என்றோ குறிக்க வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்றுப் பட்டுத் தீட்டு ஆகாதபடி வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். அடிமை முறை 1855இல் சட்டத்தால் ஒழிந்தது. நாவிலே பூட்டிய விலங்கு அவ்வளவு விரைவில் கழலவில்லை.

சிறிது எண்ணிப் பாருங்கள். அவர்களைப் பேசவே கூடாது என்று எவரும் விலக்கவில்லை. பேசலாம், ஆனால் தம்மைத் தாமே இழித்துப் பேச வேண்டும். வாயடைத்து நிற்கும் ஊமைத்தனத்தைவிட இது கொடியது என்றே நான் கருதுகிறேன். எதிரே நிற்பவன் தன் சோற்றுக்குக் கூடத் தன் பெயரை இட முடியாதபோது, அவனோடு நடப்பது உரையாடலா? ஏவலும் ஏற்றலும் தவிர அங்கே வேறு என்ன இருக்க முடியும்?

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு கல்குளம் பக்கங்களில், ‘மிண்டாதே’ என்றால் பேசாதே என்று பொருள். மிண்டுதல் என்றால் வாய் திறத்தல். தமிழ் அகராதியைப் புரட்டினாலோ, மிண்டு என்பதற்குத் துடுக்கு, செருக்கு என்ற பொருள்களைக் காண்போம். வாய் திறப்பதும் துடுக்கும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. சொல்லின் பிறப்பை ஆராய்வது மொழிநூலார் வேலை. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், வாய்பொத்தி நின்ற அந்த மனிதர்களே கண்முன் வருகிறார்கள்.

அந்தக் காலத்திலேயே இம்முறையை எதிர்த்தவர்களுள் ஒருவர் சாமித்தோப்பு வைகுண்டர். அவர் 1851இல் மறைந்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் செய்தார். பல சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். ஒன்றாக அமர்ந்து உண்ணச் செய்தார். அந்தக் கிணறு முத்திரிக் கிணறு என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. இதில் பேச்சு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஒரே கிணற்றடியில் நாள்தோறும் வாளியோடு நிற்கும் இருவர் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருந்துவிட முடியும்? கயிறு எங்கே என்றாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்!

வீதியிலே இப்படி என்றால், வீட்டுக்குள்ளே? நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அக்காலத்தில் மருமக்கள் வழி என்னும் தாய முறை இருந்தது. ஒருவர் தேடிய சொத்து அவர் பெற்ற மக்களுக்குப் போகாமல், உடன்பிறந்தாள் மக்களுக்குப் போகும். குடும்பத் தலைவரான காரணவர் வைத்ததே சட்டம். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு உண்டு. அதைப் பெறுவதற்கும் வழக்காட வேண்டியிருக்கும். கணவன் கண்மூடிய வீட்டிலே அவள் சொல்லுக்கு ஏது விலை? கணவன் இருந்தபோதும் மாமியார் முன்னே அவள் வாய் திறக்க முடியுமா?

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைக் கண்டு மனம் நொந்தார். அவர் கட்டுரை எழுதியிருக்கலாம், மேடையேறி முழங்கியிருக்கலாம். இரண்டையும் விட்டு, காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாய் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியைப் பேச விட்டார். அவள் தன் வாயால் தன் கதையைச் சொல்கிறாள். அதுவே ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’. 1917, 1918ஆம் ஆண்டுகளில் ‘தமிழன்’ என்ற இதழில் அது வெளிவந்தது. படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் நெஞ்சு கனக்கும். ‘மாமி அரசியற் படலம்’ என்று ஒரு பகுதிக்குப் பெயர்! ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று மற்றொன்று. கோடு என்றால் எங்கள் பக்கத்திலே நீதிமன்றம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க மறுத்தவர்கள், கோடு ஏறி, வக்கீல்களைப் பேசவிட்டு, குடியையே முடித்துக்கொண்டார்கள் என்பது அந்தத் தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர் தாய முறையை மாற்றும் சட்டம் 1926இல் வந்தது. ஒரு பாட்டினால் மட்டும் சட்டம் பிறந்துவிடாது. அதற்காக உழைத்தவர்கள் பலர். ஆனால் அந்த ஐந்தாம் மனைவி பேசிய பிறகு, ‘அவளுக்கு என்ன குறை?’ என்று கேட்க எந்தக் காரணவருக்கும் துணிவு இருந்திருக்காது.

இவ்வளவு நேரம் மௌனத்தைப் பழித்தே பேசிவிட்டேன். அதற்கு வேறொரு முகமும் உண்டு. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், பின்னர் அங்கே சென்று வருவதை எங்கள் பக்கத்தில் துட்டி கேட்டல் என்பார்கள். பெயர் கேட்டல்; ஆனால் அங்கே யாரும் அதிகம் கேட்பதில்லை. வந்தவர் திண்ணையில் அமர்வார். வீட்டுக்காரர் எதிரே அமர்ந்திருப்பார். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெடுநேரம் கழித்து, எத்தனை மணிக்கு என்றோ, மகன் வந்து சேர்ந்தானா என்றோ ஒரு சொல். மீண்டும் மௌனம். பிறகு, போய் வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து போவார். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது முறை. சிறுவனாய் இருந்தபோது, இந்தப் பெரியவர் எதற்கு வந்தார், எதற்குப் போனார் என்று எனக்கு வியப்பாக இருக்கும். துயருற்றவன் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒன்றுக்கு, பக்கத்தில் அமர்ந்து, வாய் திறவாமல் ‘ஆமாம்’ சொல்ல வந்தவர் அவர் என்பது பின்னால் விளங்கியது. வாய்பொத்தி நின்றவனுடைய மௌனமும் இவருடைய மௌனமும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அவன் பேச அஞ்சியவன். இவர் பேசாதிருக்க இசைந்தவர்.

ஒலிபெருக்கியின் முன்னே அமர்ந்து பேசுகிற எனக்கு ஒரு குறை உண்டு. நான் நிறுத்தும் இடத்தில் ஆமாம் சொல்ல இந்த அறையிலே ஒருவரும் இல்லை. சுவரிலே ஒரு கடிகாரம், கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொறியாளர், அவ்வளவுதான். வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மறுமொழி சொல்பவரையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறார்கள். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலே பயின்று வந்தவர். அவர் சென்னைக்கு அழைத்துச் சென்ற நெல்லை இளைஞர் சுப்பு ஆறுமுகம், 2022இல் மறையும் வரை அந்தக் கலையைத் தமிழகத்தின் பட்டிதொட்டி எங்கும் கொண்டு சென்றார். வானொலியிலே அவர் பாடியபோது, குடத்தின் ஓசைக்கும் மணிகளின் ஓசைக்கும் இடையே அந்த ‘ஆமாம்’ தவறாமல் கேட்டது.

கொடைக் காலத்திலே எங்கள் பக்கம் வந்தால், எல்லாரும் புலவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்; நீங்கள் இடப்பக்கமாக, மறுமொழி சொல்பவர் முகம் தெரியும்படி உட்காருங்கள். கதையின் உருக்கமான கட்டம் வரும்போது, அவர் ஆமாம் சொல்லாமல் விட்டுவிடும் ஓர் இடம் இருக்கும். அதைக் கவனியுங்கள்.