பாலாற்றுப் படுகையில் குளிர்கால வலசைப் பறவைகளை இனங்காணல்

குளிர்கால வலசைப் பறவைகளை இனங்காணல் என்பது, வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவைகளை உடலமைப்பு, நிறம், குரல், நடத்தை, வாழிடம் ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறிதல் ஆகும். தமிழ்நாட்டில் இப்பறவைகள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை காணப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பும் காலமும் இதனுள் அடங்குகின்றது.

இடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் அமைந்துள்ள திருமுக்கூடல், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடமாகும். ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகக் கிடக்கும் பாலாறு, மழைக்குப் பின் ஓடைகளும் குட்டைகளும் கொண்டதாக மாறுகின்றது. இத்தகைய ஆழமற்ற நீர் விளிம்புகள் உள்ளான்களுக்கும் வாலாட்டிகளுக்கும் ஏற்றவை. இவ்வூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் வேடந்தாங்கல் பறவைகள் காப்பிடமும், அதன் அருகே கரிக்கிலி பறவைகள் காப்பிடமும் உள்ளன. இவ்விரண்டும் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்குகின்றன; 2022-இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

வலசைப் பறவையும் உள்ளூர்ப் பறவையும்

ஏரியில் கூட்டமாகத் தங்கும் பறவைகள் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. வேடந்தாங்கலில் கடப்ப மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவை தெற்காசியாவிலேயே இனப்பெருக்கம் செய்பவை. அவை நீரும் இரையும் உள்ள இடங்களைத் தேடி உள்நாட்டில் இடம்பெயர்கின்றன. உண்மையான குளிர்கால வருகையாளர்கள் இங்கு கூடு கட்டுவதில்லை. ஆகவே, ஒரு பறவை கூடு கட்டுகிறதா என்பது முதலில் நோக்கத்தக்கது.

இனங்காணும் முறை

அறியாத பறவை ஒன்றைக் காணும்போது நிறத்தை மட்டும் நோக்குவது பிழைக்கு வழிவகுக்கும். ஒளியின் திசையைப் பொறுத்து நிறம் மாறித் தோன்றும். கீழ்க்கண்ட வரிசையில் நோக்குவது பயனுடையது:

1. அளவு: காகம், மைனா, சிட்டுக்குருவி போன்ற அறிந்த பறவையுடன் ஒப்பிடல்.
2. அலகின் நீளமும் வடிவமும்.
3. காலின் நீளமும் நிறமும்.
4. நடத்தை: வாலை ஆட்டுதல், நீரில் மூழ்குதல், தரையில் ஓடுதல்.
5. பறக்கும்போது சிறகிலும் பிட்டத்திலும் தெரியும் வெண்ணிறம்.
6. குரல்.

கண்ட இடம், நாள், வாழிடம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

எளிதில் குழப்பம் தரும் பறவைகள்

வாத்துகள்: ஊசிவால் வாத்து நீண்ட மெல்லிய கழுத்தும் கூரிய வாலும் கொண்டது. தட்டைவாயன் வாத்தின் அலகு நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். நீலச்சிறகியின் ஆணுக்குக் கண்ணிலிருந்து பிடரி வரை அகன்ற வெண்புருவம் உண்டு. ஆயினும், அது வந்திறங்கும் மாதங்களில் மங்கிய இறகுகளுடன் பெண்ணைப் போலவே தோன்றும். எனவே, அக்டோபரில் வெண்புருவம் இல்லாமையை மட்டும் கொண்டு அது நீலச்சிறகியன்று என முடிவு செய்தல் கூடாது. பறக்கும்போது ஆணின் முன்சிறகில் தெரியும் நீலச்சாம்பல் நிறம் உதவும். இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனி மஞ்சளாக இருக்கும்.

உள்ளான்கள்: உள்ளான் உடலின் பின்பகுதியை இடைவிடாது ஆட்டும், அதன் தோளருகே வெண்ணிறம் ஆப்பு வடிவில் மேலேறியிருக்கும். பொரி உள்ளானின் முதுகில் வெளிர்ப்புள்ளிகளும், முகத்தில் தெளிவான வெண்புருவமும், மஞ்சள் சாயலுள்ள கால்களும் காணப்படும். கருப்பு உள்ளான் கரிய மேற்பகுதி கொண்டது. எழுந்து பறக்கும்போது அதன் வெண்பிட்டம் பளிச்செனத் தெரியும். கொசு உள்ளான் ஏறத்தாழச் சிட்டுக்குருவியின் அளவே உடையது.

வாலாட்டிகள்: கருப்பும் வெள்ளையுமான வெண்புருவ வாலாட்டி ஆண்டு முழுவதும் இங்கு வாழ்வது. கருஞ்சாம்பல் வாலாட்டிக்குச் சாம்பல் முதுகும் மிக நீண்ட வாலும் உண்டு. மஞ்சள் வாலாட்டியின் வால் அதைவிடக் குட்டையானது, கால்கள் கரியவை. இவ்விரண்டின் அடிப்பகுதியும் மஞ்சளாக இருக்கலாம் என்பதால் முதுகு, வால், கால் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும்.

கொன்றுண்ணிகள்: சேற்றுப் பூனைப்பருந்து கோரைகளின் மேல் தாழப் பறக்கும், மிதக்கையில் சிறகுகளை மேல்நோக்கிச் சற்றே உயர்த்தியிருக்கும். ஊரில் காணப்படும் கள்ளப்பருந்தின் வால் நுனி பிளவுபட்டிருக்கும்.

முக்கியத்துவம்

ஏரியின் நிலையை மதிப்பிடப் பறவைக் கணக்கெடுப்புகள் பயன்படுகின்றன. 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகின்றது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கிடுகின்றனர். பிழையாக இனங்கண்ட பதிவு, இல்லாத பறவையை இருப்பதாகவும், குறைந்துவரும் பறவையைப் பெருகுவதாகவும் காட்டிவிடும். ஆதலால் ஐயமுள்ளபோது "உள்ளான் வகை", "வாத்து வகை" எனப் பொதுவாகப் பதிவதே முறையாகும்.

காலில் உலோக வளையம் உள்ள பறவை இறந்தோ காயமுற்றோ கிடைத்தால், வளையத்தின் எண்ணையும் அதில் பொறிக்கப்பட்டுள்ள நிறுவனத்தின் பெயரையும் குறித்து அறிவித்தல் வேண்டும். இந்தியாவில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாக வளையமிடும் பணியைச் செய்துவருகின்றது. வலசைப் பாதைகள் இவ்வாறு கிடைத்த தகவல்களாலேயே பெரிதும் அறியப்பட்டன.

பாதுகாப்பு

வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைச் சுடுவதை எதிர்த்ததன் விளைவாக, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை வழங்கினார் எனக் கூறப்படுகின்றது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாவதை உழவர்கள் அறிந்திருந்தனர். இன்று காட்டுப்பறவைகளை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். எனினும், காப்பிடங்களுக்கு வெளியே உள்ள ஏரிகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் எப்பறவைகள் வருகின்றன என்பதைப் பெரும்பாலும் அவ்வவ்வூர் மக்களின் பதிவுகளே காட்டுகின்றன.